இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ட்ரிப் காபி (காகிதத்தில் போட்ட தூளில் வெந்நீர் சொட்டி வடிவது), எஸ்பிரெசோ (நைசான தூளுக்குள் வெந்நீரை அழுத்தித் தள்ளி எடுக்கும் கெட்டிக் காபி) இரண்டையும் ஒரே இயந்திரத்தில் போட்டுக்கொள்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று ஐந்து இயந்திரங்களை அட்டவணை போட்டுக் காட்டியிருந்தீர்கள். அழுத்தம் எத்தனை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு), 15-ஆ 20-ஆ, எத்தனை கோப்பை வரும், என்ன நிறம் என்று மூன்று விவரங்கள். மூன்றரை வருஷமாக இப்படி ஒன்றோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். அந்த மூன்றில் ஒன்றுகூட எனக்கு ஒருநாளும் பயன்பட்டதில்லை.

முதலில் இந்த பார் கணக்கு. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 15, 20 எல்லாம் பம்ப் முட்டித் தள்ளக்கூடிய உச்ச அழுத்தம். எஸ்பிரெசோவுக்குத் தூளின் மேல் விழவேண்டியது ஏறக்குறைய 9 பார்தான். ஃபேமா கம்பெனி மின்பம்ப் வைத்த இ61 இயந்திரத்தை 1961-ல் கொண்டுவந்தபோதும் அதுதான் கணக்கு, இன்றும் அதையொட்டித்தான் கடைகளில் போடுகிறார்கள். நல்ல இயந்திரம் என்றால் மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிட உள்ளே ஒரு வால்வு இருக்கும். அந்த வால்வு இருக்கிறதா என்று எழுதியிருந்தால் நான் கத்தரித்து வைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நானும் மாமியாரும் பெரிய கோப்பையில் ட்ரிப் காபி குடிப்பவர்கள். வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் எஸ்பிரெசோ. அதனால்தான் இரண்டும் சேர்ந்த இயந்திரம் என்றதும் யோசிக்காமல் வாங்கிவிட்டோம். வாங்கிய மறுநாள் காலை, வீட்டில் இருந்த ட்ரிப் தூளையே எஸ்பிரெசோ வடிகிண்ணத்தில் அமுக்கிப் போட்டேன். பட்டனை அழுத்தி எட்டு விநாடி ஆகியிருக்காது, கோப்பை நிரம்பி வழிந்தது. புளித்த வெந்நீர் என்றார் வீட்டுக்காரர். சரி, தூள்தான் தப்பு என்று மாவு மாதிரி அரைத்த தூள் ஒரு பொட்டலம் வாங்கிவந்தோம். எஸ்பிரெசோ ஓரளவு தேறியது. அதையே மாமியார் தெரியாமல் ட்ரிப் பக்கத்துக் காகிதத்தில் போட்டுவிட்டார். நைசான தூள் காகிதத்தின் கண்ணை அடைத்துக்கொண்டது. தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலே ஏறி, காகிதத்தின் விளிம்பைத் தாண்டி, தூளோடு மேடை முழுக்க ஓடி, கீழே இழுப்பறைக்குள் போய் நின்றது. கரண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு வாரம் தூள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இயந்திரம் ஒன்றாக இருந்தாலும் தூள் இரண்டு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எஸ்பிரெசோவுக்கு நைஸ், ட்ரிப்புக்கு அதைவிட நன்றாகவே கொரகொரப்பு. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்கவேண்டும் என்பது எஸ்பிரெசோ போடுகிறவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. எட்டு விநாடியில் ஓடினால் தூளை இன்னும் நைசாக்கவேண்டும், ஒரு நிமிஷம் ஆகியும் சொட்டாமல் முக்கினால் கொஞ்சம் பெரிதாக்கவேண்டும். இந்தத் திருத்தத்தை இயந்திரத்தில் செய்ய முடியாது, கொட்டை அரைக்கிற கருவியில்தான் செய்யமுடியும். மிக்சி மாதிரி பிளேடு சுற்றும் கருவி இதற்கு ஆகாது. பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வரும். இரண்டு பல்தட்டுகளுக்கு நடுவே நொறுக்குகிற வகை வேண்டும். அதையும் ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு தினமும் நைசுக்கும் கொரகொரப்புக்கும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்தேன். திருகில் நகப்பூச்சால் சிவப்பில் ஒரு பொட்டு, நீலத்தில் ஒரு பொட்டு வைத்தேன். ஆனாலும் முன்பு அரைத்ததில் கொஞ்சம் உள்ளேயே தங்கி, அடுத்ததில் கலந்து வந்தது. கடைசியில் எஸ்பிரெசோவுக்கு மட்டும் கையால் சுற்றும் கருவி ஒன்று தனியாக வாங்கினோம். இயந்திரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று முதலிலேயே எடுத்துவைக்கச் சொல்லி நீங்கள் எழுதியிருக்கலாம்.

அரைக்கும் கருவியே வேண்டாம், பொட்டலத் தூள் போதும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. எஸ்பிரெசோ வடிகிண்ணத்தைக் கையிலெடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க ஊசித்துளைகள் தெரிந்தால் அது ஒற்றைச்சுவர். உள்பக்கம் நிறையத் துளைகளும் வெளிப்பக்கம் ஒரே ஒரு துளையும் இருந்தால் இரட்டைச்சுவர். இரட்டைச்சுவர்க் கிண்ணத்தில் தூள் எப்படி இருந்தாலும் அந்த ஒற்றைத் துளை வழியாக வேகமாகப் பீய்ச்சி நுரை கட்டிவிடும். பார்க்க அழகாக இருக்கும். அந்த நுரையைப் பார்த்து 'கடையில் குடித்த மாதிரியே' என்று ஏமாந்துவிடத் தோன்றும், குடித்தால்தான் தெரியும். ஆனால் பொட்டலத் தூளுக்கு அதுதான் சரிப்படும். பெட்டியில் இரண்டு கிண்ணமும் தருகிறார்களா என்று கேட்டு வாங்குவது நல்லது. எங்களுக்கு ஒற்றைச்சுவர் மட்டுமே வந்தது.

ட்ரிப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1908-ல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி, துளையிட்ட பாத்திரத்தில் மகனின் பள்ளி நோட்டிலிருந்து எடுத்த மையொற்றுத்தாளை வைத்து வடிகட்டி, காப்புரிமையும் வாங்கிவிட்டார். அடிப்படை அவ்வளவுதான். தண்ணீர் 92 டிகிரிக்குக் குறையாமல் சூடாகிறதா, தூளின் மேல் முழுக்கப் பரவி விழுகிறதா, நடுவில் மட்டும் குழி பறிக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு லிட்டருக்கு 55 முதல் 60 கிராம் தூள் போடுகிறேன். குடுவையை மட்டும் கவனியுங்கள். அடியில் சூட்டுத்தட்டு வைத்த கண்ணாடிக் குடுவையில் அரைமணி நேரம் இருந்த காபியை மாமியார் வாயில் வைக்கமாட்டார், கருகல் அடிக்கிறது என்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் விற்பனைக்கு வரும் இயந்திரங்களில் இந்தத் தட்டு 40 நிமிஷத்தில் தானே அணைந்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. மின்சாரச் சிக்கனத்துக்காகப் போட்ட விதி அது. ருசிக்கும் உதவத்தான் செய்யும். சூடு காக்கும் எவர்சில்வர் குடுவை உள்ள இயந்திரம் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இனி என் முக்கியமான புகார். காலை ஆறேகாலுக்கு எங்கள் வீட்டில் இரண்டு விதமும் வேண்டும். எங்கள் இயந்திரத்தில் ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கம் ஓடாது. முழுக் குடுவை வடிய ஏழு நிமிஷம். அதுவரை எஸ்பிரெசோ விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும், வீட்டுக்காரர் வடிகிண்ணம் மாட்டிய கைப்பிடியை வைத்துக்கொண்டு நிற்பார். தனித்தனி ஹீட்டர் இருக்கிறதா, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா என்று வாங்கும்போது கேட்கத் தோன்றவில்லை. படத்தில் இரண்டு பக்கமும் காபி கொட்டிக்கொண்டிருந்ததே! ஒரே நேரத்தில் ஓடுகிற இயந்திரங்களும் விற்கின்றன. ஒரே பிளக்கில் இரண்டு ஹீட்டரும் இழுக்கும் என்பதால் வாட் எத்தனை என்று பார்த்து, அதற்கு ஏற்ற பிளக் பாயிண்ட் வீட்டில் இருக்கிறதா என்றும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டவணைக்கு வெளியே, கட்டுரையில் அகலம், உயரம் சொல்லியிருந்தீர்கள். மூடி திறந்தால் எவ்வளவு உயரம் என்று போடவில்லை. எங்களுடையதில் ட்ரிப் பக்கத்துத் தொட்டியைக் கழற்ற முடியாது, மேலிருந்துதான் ஊற்றவேண்டும். மேலே அலமாரி இடிக்கும். தினமும் இரண்டு கையாலும் முன்னால் இழுத்து, தண்ணீர் ஊற்றி, திரும்பத் தள்ளுகிறேன். மேடையில் இரண்டு கோடு விழுந்துவிட்டது.

போன வருஷம் எஸ்பிரெசோ பக்கம் கைப்பிடி பூட்டும் இடத்தில் ஓரமாகக் கசிய ஆரம்பித்தது. சர்வீஸுக்கு எடுத்துப்போனவர்கள் திருப்பித் தர 19 நாள் ஆனது. பழுது எஸ்பிரெசோவுக்கு, பட்டினி எனக்கும் மாமியாருக்கும். போனது வெறும் ரப்பர் வளையம். சூட்டில் இறுகிப்போகும், மாற்றவேண்டிய சாமான்தான் அது. வாங்கும்போதே உபரியாக இரண்டு கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று சர்வீஸ் பையன் சொன்னான். இப்போது இழுப்பறையில் இருக்கின்றன.

மேடையில் இடமிருந்தால் நான் இன்று இரண்டு தனி இயந்திரமாகத்தான் வாங்குவேன். இடமில்லாத வீட்டில், இரண்டு விதமும் தினமும் குடிப்பவர்கள் இருந்தால் மட்டுமே இந்தக் கூட்டு இயந்திரம் சரி. எப்போதோ ஒருநாள் பெரிய கோப்பை வேண்டும் என்பவர்கள் எஸ்பிரெசோவில் வெந்நீர் கலந்து குடித்துக்கொள்ளலாம். அடுத்த முறை அட்டவணை போடும்போது நிறத்தை எடுத்துவிட்டு, 'இரண்டும் சேர்ந்து ஓடுமா' என்பதையும் 'எந்தத் தொட்டி கழற்ற வரும்' என்பதையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி

பி.கு.: கட்டுரைப் படத்தில் சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தும் பெண், கைப்பிடியை முழுசாகத் திருகிப் பூட்டவில்லை. அந்த நிலையில் பம்ப் ஓடினால் கொதிக்கும் தூள் அவர் முகத்துக்குத்தான் வரும். படத்தையாவது மாற்றுங்கள்.