செவ்வாய்க்கிழமை நாஞ்சிங் சுற்று

வணக்கம். திங்களன்று நினைவிடங்கள் மூடியிருக்கும் என்பதால் செவ்வாய்க்கு மாற்றியிருக்கிறோம். காலை 8 மணிக்கு ஹோட்டல் வாசலில் கூடுவோம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

முதலில் சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென்னின் நினைவிடம். 392 படிகள், முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம். பக்கத்திலேயே மிங் பேரரசர் ஹொங்வூவின் கல்லறை. அங்கே கல் யானைகளையும் ஒட்டகங்களையும் அவசரப்படாமல் பாருங்கள்: ஒரு ஜோடி நிற்கும், அடுத்தது மண்டியிட்டிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சாப்பாட்டுக்கு அப்புறம், 1937-ல் ஜப்பானியப் படை இந்த நகரில் நடத்திய படுகொலையின் நினைவகம். வாசலில் இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய தாயின் சிலை. உள்ளே தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகளையே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகளைக் கூட்டி வருவதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். அங்கே செல்ஃபி வேண்டவே வேண்டாம். வருபவர்கள் இன்று இரவுக்குள் பெயர் போடவும்.