இருப்பு தீர்ந்தது என்று போடத் தயங்காதே

அன்புள்ள மகளுக்கு,

தீபாவளி ஆர்டர் குவியுது, சரக்கு போதலை, வெளியில் மலிவாகக் கிடைக்கிற கருப்பட்டியை வாங்கிச் சேர்த்து அனுப்பட்டுமா அப்பா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

வேண்டாம்மா. உடன்குடிப் பக்கம் பனையேறி காலையிலும் மாலையிலும் மரமேறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவின கலயத்தில் பதநீர் இறக்கி, அதை விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையில், மணிக்கணக்காகக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பதை நீ சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறாய். பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும்தான், அதற்கு மேல் மரம் தராது. அப்படியிருக்க, ஐப்பசியில் கேட்ட அளவுக்கு, கேட்ட விலைக்கு ஒருவன் மூட்டை மூட்டையாகத் தருகிறான் என்றால் அதில் பாதி சீனிப்பாகு. கடையில் நான் விற்றபோது வருகிறவர்கள் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்கள். ஆன்லைனில் உன்னிடம் வாங்குகிறவர்கள் ஒரு போட்டோவைப் பார்த்து, நீ எழுதியிருக்கிற நாலு வரியை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள். பிள்ளைக்கும் வயசானவர்களுக்கும் கொடுக்கத்தான் வாங்குகிறார்கள். அந்த நாலு வரி பொய்யாகிவிடக் கூடாது. இருப்பு தீர்ந்தது, அடுத்த பருவத்துக்கு முன்பதிவு செய்யலாம் என்று போட்டுவிடு. போகிறவர்கள் போகட்டும்.

நீ பார்க்கிற மோட்டிவேஷன் வீடியோவில் பத்து மடங்கு வளர், நூறு மடங்கு வளர் என்கிறார்கள். ஒரு தடவை எழுதி ஆயிரம் பேருக்கு விற்கிற மென்பொருளுக்கு அது சரிப்படலாம், பனைமரத்துக்குச் சரிப்படாது. நீ வளர வழி வேறே இருக்கிறது: பருவம் தொடங்குவதற்கு முன்னாலேயே இன்னும் இரண்டு பனையேறிக் குடும்பங்களிடம் பேசி முன்பணம் கொடுத்துவிடு, கல்கண்டு, சுக்குக் கருப்பட்டி என்று அதிலேயே நாலு சரக்கு சேர். ஆர்டரே வராத நாளில் மனசு சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறாய் என்று அம்மா சொன்னாள். அன்றைக்குப் பழைய வாடிக்கையாளர் பத்துப் பேருக்கு, போன தடவை வாங்கினது எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டு எழுது, விற்பனைப் பேச்சே வேண்டாம். அவர்கள் சொல்கிற பதில் எந்த வீடியோவையும் விட உன்னை எழுப்பி உட்கார வைக்கும்.

அப்புறம், அவர்கள் பெயர், போன் நம்பர், என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் உன் நோட்டிலும் இருக்கட்டும். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பிக் கடை போட்டிருந்தவர்களுக்கு வாங்குகிறவர்களோடு இருந்த தொடர்பே அறுந்துபோனது. இன்ஸ்டாகிராமும் வாட்சப்பும் அடுத்தவன் இடம்தான், வாடகை கேட்கவில்லை என்பதால் சொந்தமாகிவிடாது.

மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் இழுத்து இளகும், அதுவும் உனக்குத் தெரியும். ஓலைக் கொட்டான் பார்க்க அழகுதான், அதற்காக அப்படியே அனுப்பாதே, உள்ளே காற்றுப் புகாத கவரில் போட்டு ஒட்டிவிட்டுக் கொட்டானில் வை. கவரில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும், பொதிந்த தேதியும் தெளிவாகத் தெரியவேண்டும். வீட்டில் வாங்கிக்கொண்டு பணம் தருகிறேன் என்கிற ஆர்டரை மழை முடிகிறவரை நிறுத்தி வை. பொட்டலம் போய்த் திரும்பி வருவதற்குள் சரக்கும் போகும், கூரியர் காசும் போகும்.

விளம்பரத்துக்கென்று மட்டும் வட்டிக்கு வாங்காதே. முன்பணத்துக்குக் குறைந்தால் சொல், கடையை விற்ற பணத்தில் கொஞ்சம் அப்படியே கிடக்கிறது. தை பிறந்ததும் ஒரு வாரம் இங்கே வந்து இரு, பனையேறிகளை இரண்டு பேருமாகவே போய்ப் பார்த்துப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா