பற்றீரியா மருந்தும் புழுவின் குடலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் விவசாயப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை, பற்றீரியாவிலிருந்து செய்யப்படும் பூச்சிமருந்துகளைப் பயன்படுத்துமாறு கமக்காரரை ஊக்குவித்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அவை எல்லாப் பூச்சிகளையும் அழிக்கும் என்று அதில் வந்த கூற்றைத் திருத்தாமல் விட முடியாது. சோளமும் கத்தரியும் உழுந்தும் செய்கின்ற வன்னிக் கமக்காரர் அதை நம்பினால் ஒரு போகத்தின் விளைச்சலையே இழக்க நேரிடும்.

பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் அப்பற்றீரியா, வித்திகளை உண்டாக்கும் வேளையில் புரதப் பளிங்குகளையும் உண்டாக்குகிறது. இலையோடு அப்பளிங்கைத் தின்னும் புழுவின் நடுக்குடலில் காரத்தன்மை மிகுந்திருப்பதால் அது கரைகிறது; பின்னர் குடல் நொதியங்கள் அதை வெட்டி, செயற்படும் நஞ்சாக்குகின்றன. அந்நஞ்சு குடற்கலங்களின் மேற்பரப்பில் உள்ள கட்கேரின், அமினோபெப்டிடேஸ், ஏபிசி கடத்தி முதலிய வாங்கிகளுடன், அதாவது நஞ்சு ஒட்டிக்கொள்ளும் புரதங்களுடன், பிணைந்தால்தான் பல மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து கலமென்சவ்வைத் துளைக்கும். கலங்கள் வீங்கி வெடிக்கும். புழு முதலில் தின்பதை நிறுத்தி, சில நாட்களில் இறக்கும். பிணைவதற்குப் பொருத்தமான வாங்கி இல்லாத உயிரில் அதே நஞ்சு தீங்கின்றிக் கழிந்துவிடும். மனிதருக்கும் கால்நடைக்கும் இம்மருந்து ஆபத்தற்றதாக இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

ஆகவே பற்றீரியாவின் எந்த வகை என்பதை அறியாமல் மருந்து வாங்குவதில் பயனில்லை. குர்ஸ்டாகி வகை பல அந்துப்பூச்சிப் புழுக்களை நன்றாகக் கொன்றாலும், 2018 இன் பிற்பகுதியில் இலங்கைக்குள் நுழைந்த படைப்புழு அவ்வகையின் முக்கிய நஞ்சுகள் சிலவற்றை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. அதற்கு ஐசாவாய் வகையே கூடுதலாகப் பொருந்தும். அழுக்கணவனும் வெண்ணீயும் இலைச்சாற்றை உறிஞ்சுவதால் இலையின் மேல் தெளித்த பளிங்கு அவற்றின் குடலுக்குப் போவதே இல்லை. கத்தரியின் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவோ பொரித்த சிறிது நேரத்திலேயே உள்ளே புகுந்துவிடுவதால், அதற்கு முன்னரே தெளித்தாக வேண்டும்.

நுளம்புகளிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். 1976 இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட இஸ்ரேலென்சிஸ் வகை, டெங்கு பரப்பும் நுளம்பின் குடம்பிகளைக் கொல்கிறது. ஆனால் ஸ்பெரிக்கஸ் என்னும் வேறொரு பற்றீரியாவின் நஞ்சு கியூலெக்ஸ் என்னும் நுளம்பினத்தின் குடம்பியின் குடல் வாங்கியுடன் பிணைந்து அதைக் கொன்றாலும், டெங்கு நுளம்பில் அதற்கு நிகரான புரதத்துடன் பிணையாததால் அங்கே பயன்படுவதில்லை. மாரியில் நீர் தேங்கும் எமது பகுதிகளில் குடம்பிநாசினி தெரிவு செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்கி மாறிவிட்டால் மருந்தும் தோற்கும். கோவாவைத் தின்னும் வைரமுதுகுப் பூச்சி, ஹவாயில் இடைவிடாது தெளித்த தோட்டங்களில் எதிர்ப்புப் பெற்றுவிட்டதாக 1990 இல் அறிவிக்கப்பட்டது. அப்பூச்சியில் நஞ்சு குடலில் பிணைவது குறைந்துபோனதைப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டனர். ஒரே வகையைப் போகம் போகமாக அடிப்பது இந்த நல்ல மருந்தை நாமே கெடுப்பதாகும்.

எனவே, எந்தப் பயிரில் எந்தப் புழுவுக்கு எந்த வகை, புழு எவ்வளவு சிறிதாக இருக்கும்போது தெளிக்க வேண்டும், வெயிலில் நஞ்சு சிதையாதிருக்க மாலையில் ஏன் தெளிக்க வேண்டும் என்பவற்றை விவசாயப் போதனாசிரியர்களிடம் கேட்டு, இனிவரும் காலபோக விதைப்புக்கு முன் தங்கள் பத்திரிகையில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
விசுவமடு.