3.25-19 கேட்டவனுக்கு 18 இன்ச் டயரா? – டயர் கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், திருவொற்றியூர், சென்னை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான டயரும் பழைய சரக்கும் அனுப்பியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் அனுப்பிய மெயிலுக்கெல்லாம் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வருகிறது. அதனால் இதை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புகிறேன். பொறுப்பில் இருக்கும் ஒருவர் தயவுசெய்து முழுவதும் படிக்கவும்.

என் வண்டி 1974 மாடல் என்ஃபீல்டு புல்லட் 350. அப்பா ஓட்டியது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா எங்கள் திருவொற்றியூரில்தான் இந்த வண்டியைச் செய்தது. கடல் காற்றில் துருப்பிடித்துக் கிடந்ததை இன்ஜின் பிரித்து, ரிம்முக்குக் குரோம் பூசி, ஸ்போக் மாற்றி, பெண்ட் எடுத்து நிறுத்தியிருக்கிறேன். பாக்கி டயர் மட்டும்தான். முன்னும் பின்னும் 3.25-19, அதாவது 3.25 இன்ச் அகலம், 19 இன்ச் ரிம்முக்கான டியூப் டயர். ரோட்டில் படும் பக்கத்தில் முன்னுக்கு நேர்க்கோட்டு வரி (ரிப்), பின்னுக்குக் கட்டை போட்ட வரி (பட்டன்). ஆர்டரிலும் இதையே எழுதினேன், போனிலும் இதையே சொன்னேன்.

வந்தது 110/90-18. என் வண்டிக்கு ரொம்பப் பின்னால் வந்த மாடலின் பின் டயர் அது. 19 இன்ச் ரிம்மில் 18 இன்ச் டயர் ஏறாது என்பதை டயர் செய்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? செருப்புக் கடையில்கூடக் காலைப் பார்த்துத்தான் ஜோடி எடுத்துக் கொடுப்பார்கள்.

அதைவிட என்னை நோகடித்தது உங்கள் கஸ்டமர் கேரில் பேசிய ஆள். அளவைச் சொன்னேன். "மாடல் பேர் சொல்லுங்க சார், லிஸ்ட்ல அந்த வருஷம் வரல" என்றார். பக்கவாட்டில் 54P என்று இருக்க வேண்டும் என்றேன். 54 என்றால் 212 கிலோ தாங்கும், P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை. உங்கள் டயரில் நீங்களே அச்சடிக்கிற எழுத்து இது. அவருக்குத் தெரியவில்லை. தெரியாததில்கூட எனக்குக் கோபம் இல்லை. "இவ்ளோ பழைய வண்டிக்கு எதுக்கு சார் புது டயர்? காயலான் கடையில போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாரே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா உட்கார்ந்த சீட் அது. அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். போட்டுக் கேளுங்கள்.

மாதவரம் கோடவுன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். "டயர் வந்துவிட்டது, ரிம்மோடு வாங்க, மாட்டியே தருகிறோம்" என்று உங்கள் டீலர் சொன்னதை நம்பி லோடு ஆட்டோ பிடித்து, மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நசுங்கிப் போனேன். குரோம் பூசிய ரிம்மை சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். செக்யூரிட்டி கேட்டைத் திறக்கவே இல்லை. வெயிலில் நின்ற பிறகு ஒருவர் வந்து, "சிஸ்டத்தில் ஸ்டாக் காட்டுது, கையில் இல்லை" என்றார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒருவழியாக 19 இன்ச் வந்தது. இரண்டுமே பின் டயர்! ரிப் எங்கே? ஹேண்டில் ஒரே கோட்டில் நிற்கத்தானே முன் டயருக்கு ரிப் வைக்கிறீர்கள்? போதாததற்கு தயாரிப்புத் தேதியின் நான்கு இலக்கம் 3118. அதாவது 2018-ஆம் வருஷம் 31-ஆவது வாரம். ரப்பர் கல்லாக இறுகியிருக்கிறது, ஓரத்தில் முடி போல வெடிப்பு. எண்ணூர் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது இது வெடித்தால் என் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

டயர் இல்லாததால் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. கொடுத்த தேதியும் போய்விட்டது. வண்டிக்காகப் போட்ட பணம், உழைப்பு எல்லாமே உங்களால் பாழ். லட்ச ரூபாய் கொடுத்தாலும் இந்த மன உளைச்சலுக்கு ஈடாகாது.

உங்கள் டயரை எங்கள் வீட்டில் பல வருஷமாக வாங்குகிறோம். அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன். இந்த வருஷம் தயாரித்த 3.25-19 ரிப் ஒன்று, பட்டன் ஒன்று அனுப்புங்கள். உங்களிடம் இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுத்து, முழுப் பணத்தையும் லோடு ஆட்டோ கூலியையும் திருப்பித் தாருங்கள். வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி நானே தேடிக்கொள்கிறேன். போனில் அப்படிப் பேசியவர் என்னிடம் நேராக மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன். அடுத்து சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. பில், டயரின் படங்கள், மெயில் நகல் எல்லாம் தயாராக இருக்கின்றன. அந்த அளவுக்கு என்னைத் தள்ளிவிடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய டயர்கள் மூன்றும் என் வீட்டு வராந்தாவில் இருக்கின்றன. எடுக்க ஆள் அனுப்பும்போது முதல் நாளே போன் செய்யவும். ரசீது தராமல் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், டயர் படங்கள், மெயில் நகல்