‘பி’யும் ‘கியூ’வும் தவறணையில் பிறந்தவையா?

ஆசிரியர் அவர்கட்கு,

நடத்தையில் கவனமாயிரு என்று எச்சரிக்க ஆங்கிலேயர் சொல்லும் ‘மைன்ட் யுவர் பிஸ் அன்ட் கியூஸ்’ (உன் p, q எழுத்துகளில் கவனமாயிரு) என்ற தொடர், இங்கிலாந்துத் தவறணைகளில் குடிப்பவர்களின் கணக்கை ‘பைன்ட்’ (pint), ‘குவாட்’ (quart) என்ற முகத்தலளவைகளில் குறித்து வைத்ததிலிருந்து வந்ததாகத் தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் முடிந்த முடிவாக எழுதப்பட்டிருந்தது. இரண்டு பைன்ட் ஒரு குவாட் என்பது சரி. தொடர் அதிலிருந்து பிறந்தது என்பதற்குத்தான் பழைய சான்று இல்லை. ‘பிளீஸ்’, ‘தாங்க் யூ’ என்பவற்றின் சுருக்கம் என்பதும் ஒலியை வைத்துக் கட்டிய விளக்கமாகவே எனக்குப் படுகிறது.

அச்சுக்கோப்பாளரைச் சுட்டும் விளக்கத்தை அவ்வளவு இலகுவில் தள்ள முடியாது. ஈய அச்செழுத்தில் உருவம் இடம்வலம் மாறியே வார்க்கப்படுவதால், சின்ன ‘பி’யைக் கையிலெடுத்தால் ‘கியூ’ போலத் தெரியும். ஆயினும் ‘போல்’ (ball), ‘டோக்’ (dog) என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான b, d என்பவற்றுக்கும் இதே மயக்கம் உண்டே. அவற்றை விட்டு இவ்விரண்டை மட்டும் ஏன் சொன்னார்கள்?

என் மனம் சாய்வது அரிச்சுவடியின் பக்கம். 1763 இல் சார்ள்ஸ் சர்ச்சில் என்ற கவிஞர், நகரபிதாவுக்கு எழுத்துகளைப் பயன்படுத்தக் கற்பிக்கும் ஒருவனைப் பற்றிப் பாடியபோது, ‘பி’, ‘கியூ’ இரண்டையும் அரிச்சுவடியின் முதலெழுத்துகளோடு சேர்த்தே சொன்னார். 1779 இல் ஹன்னா கௌலியின் நாடகத்தில் இத்தொடர் இன்றைய எச்சரிக்கைப் பொருளிலேயே வருகிறது.

இதை நான் நூலில் மட்டும் கண்டவன் அல்லன். 2010 இல் மீள்குடியேறி வந்து தகரக் கொட்டகையில் வகுப்பு நடத்திய நாட்களில், பிஸ்கட் பெட்டி மட்டையில் சின்ன எழுத்துகளை வெட்டிக் கொடுத்திருந்தேன். தரம் மூன்றுச் சிறுமி ஒருத்தி ‘குயின்’ என்ற சொல்லுக்கு முதலெழுத்தைத் தேடிக் களைத்து, கையிலிருந்த ‘பி’யையே மறுபக்கம் புரட்டி வைத்துவிட்டு, “சேர், இது ரெண்டும் ஒண்டுதானே?” என்று கேட்டாள். மட்டை ஒன்றுதான், புரட்டினால் எழுத்து வேறு. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலப் பிள்ளையும் இதே இடத்தில்தான் தடுமாறியிருக்கும். அருகில் நின்ற ஆசிரியர் “கவனம்” என்றிருப்பார்.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் தங்கள் மாணவர் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். ஆகவே, தவறணைக் கதை உறுதிப்படாத ஒன்று என்பதை அதே பக்கத்தில் அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர்,
முள்ளியவளை.