பகுதிநேர ஆய்வாளர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு வேண்டும்: ஆராய்ச்சி மைய இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆராய்ச்சி மைய இயக்குநர் அவர்களுக்கும் கல்விக்குழுவினருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களும் வார நாட்களில் காலை பத்து மணிக்கே பாடநெறி வகுப்புக்கு வர வேண்டும், வருகைப்பதிவு குறைந்தால் அடுத்த பருவத்தில் அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டும், விலக்கு கிடையாது என்கிறது அது. சனிக்கிழமை வகுப்பு கேட்டு நாங்கள் கொடுத்த மனுவைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் விவசாய ட்ரோன் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பறப்புக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். என் ஆய்வுத் தலைப்பும் அந்த வேலையிலிருந்து பிறந்ததுதான். பத்து லிட்டர் மருந்தோடு ஏறும் ட்ரோன், தெளிக்கத் தெளிக்க எடை குறைந்துகொண்டே வரும். டேங்க் பாதி காலியானதும் உள்ளே மருந்து தளும்பும். வரப்போரம் நின்று திரும்பும்போது திரவம் ஒரு பக்கமாக மோதும், நிறை மையம் நகரும். ட்ரோனை நிலையாகப் பறக்கவைப்பது கன்ட்ரோலர்; நிறைந்த டேங்குக்கு ஏற்ப ட்யூன் செய்த அது அப்போது தடுமாறும். பறக்கும்போதே இந்தத் தளும்பலைக் கணித்து, கன்ட்ரோலர் தன்னைத் திருத்திக்கொள்ளும்படி செய்வதுதான் என் ஆய்வு. சிமுலேஷனில் ஓரளவுதான் தெரியும். மீதியை வயலில்தான் பார்க்க வேண்டும்.

சென்னை நகரத்துக்குள் அந்தச் சோதனை நடக்காது. ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வந்த பிறகும் விமான நிலையத்தைச் சுற்றிப் பல கட்டுப்பாடுகள் இருக்கின்றன; இருக்கவும் வேண்டும். எனவே மதுராந்தகம் பக்கம் போகிறோம். விடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். காற்று எழுந்துவிட்டால், பறப்புப் பதிவில் (லாக்) தெரியும் ஆட்டம் தளும்பலால் வந்ததா காற்றால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது. முதலில் முழு டேங்க், அப்புறம் முக்கால், அப்புறம் பாதி என்று இறங்கி வருவோம். முந்தைய அளவீடு இல்லாமல் பிந்தையதை எதனோடு ஒப்பிடுவது? ஆய்வுக்கு மிக முக்கியமானது பாதி டேங்க் சோதனை. அதைத் தொடும் நேரத்தில், காற்று இன்னும் அடங்கியிருக்கும்போதே, நான் லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டி, பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் விரல்ரேகைக் கருவி என்னை 'வரவில்லை' என்று பதிந்துவிடுகிறது. வயலிலும் வேலை முடியவில்லை, வகுப்பும் கிடைக்கவில்லை. அந்த வகுப்பு எதற்கு? ஆராய்ச்சி முறையியல் கற்பதற்கு. கையில் இருந்த ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு நான் ஓடி வருவது அதைக் கற்கத்தான்.

நிறுவனம் தடையின்மைச் சான்று கொடுத்திருக்கிறதே, தேவைப்பட்டால் விடுவிப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறதே என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகள் அந்தக் கடிதத்தைக் கேட்கின்றன, நாங்களும் கொடுத்தோம். ஆனால் ஒரு பருவம் முழுக்க, வாரா வாரம், வேலை நேரத்தின் நடுவில் விடுவிப்பதற்குப் பெயர் பகுதிநேர ஆய்வா? அதே விதிமுறைகள்தான் பகுதிநேர முனைவர் பட்டத்தை அனுமதிக்கின்றன. பாடநெறிக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும் என்கின்றன. அவற்றைத் திங்கட்கிழமை காலையில்தான் நடத்த வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கால அட்டவணை தங்கள் கையில் இருக்கிறது. பாடநெறி வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள்.

வெளிநாட்டில் முழுதாகச் செய்த ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. பாகங்களை வாங்கிப் பூட்டுவதோடு நின்றுவிடாமல், ட்ரோன் ஏன் தடுமாறுகிறது என்று ஆராய்பவர்கள் இங்கே வேண்டாமா? ராணுவத் தளவாட உற்பத்திக்கான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு மையம். தொழில்துறையும் பல்கலைக்கழகமும் கைகோக்க வேண்டும் என்று கருத்தரங்குக்குக் கருத்தரங்கு பேசுகிறோம். கைகோக்க வந்தவர்களை வருகைப்பதிவைக் காட்டித் திருப்பி அனுப்புகிறோம். என்னோடு சேர்ந்த, என்னைவிடத் திறமையான ஒருவர் பதிவையே ரத்து செய்துவிட்டுப் போய்விட்டார். பேட்டரி வெப்பமடைவதைப் பற்றி அவர் செய்யவிருந்த வேலையை இனி யார் செய்வார்கள்? இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கோபத்தில் நீளமாகப் பேசிவிட்டேன், பொறுத்தருளுங்கள். தேர்வை எளிதாக்கச் சொல்லவில்லை. வருகைப்பதிவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆய்வுக்குழுக் கூட்டம் எந்த நாளில் வைத்தாலும் விடுப்பு எடுத்து வருகிறோம். சனிக்கிழமை வகுப்பெடுப்பது பேராசிரியர்களுக்குச் சுமைதான். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அதற்கு ஈடாக அவர்களுக்கு வார நாளில் மாற்று விடுப்பு கொடுங்கள். சனிக்கிழமை முடியவே முடியாது என்றால், மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள், அதற்கும் வருகிறோம்.

அடுத்த பருவத்தின் கால அட்டவணை இறுதியாவதற்குள் எங்களை ஒருமுறை அழைத்துப் பேசி, பகுதிநேர ஆய்வாளர்களின் பாடநெறி வகுப்புகளைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர்,
சென்னை