ஸ்பிரிங்கை வெட்ட வேண்டாம், மகன்

களுவாஞ்சிகுடி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ உன் விட்ஸ் காரை உயரம் குறைத்துப் பதிக்கப் போவதாகத் தங்கச்சி சொன்னாள். ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டினால் போதும், காசும் மிச்சம், அரை நாளில் வேலை முடியும் என்று உன் கூட்டாளி சொன்னானாம். ஃபோனில் பேசினால் "சரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கார் பதிந்து நின்றால் வடிவுதான். உயரம் குறைந்தால் வளைவில் சரிவதும் குறையும். உன் ஆசையில் பிழை இல்லை, வெட்டுகிற வேலையில்தான் பிழை.

ஸ்பிரிங்கில் சுற்றுக் குறையக் குறைய அது கடினமாகும். வேலை செய்கிற சுற்று ஆறு இருந்து ஒன்றை வெட்டினால் 20 வீதம் கடினமாகும், இரண்டை வெட்டினால் 50 வீதம். ஷொக் அப்சோபரோ பழைய ஸ்பிரிங்குக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது. புதிதாக வந்த துள்ளலை அடக்க அதற்குப் பலம் போதாது. கார் ஏற்கெனவே பதிந்து நிற்பதால் இன்னும் இறங்கவும் இடம் இல்லை, சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டொப் ரப்பரில் போய் இடிக்கும். அந்த இடி வளைவில் விழுந்தால் ரயர் ரோட்டை விட்டுவிடும். கடினமான ஸ்பிரிங் என்றால் ரேஸ் கார் மாதிரிப் பிடிக்கும் என்று பொடியன்கள் நினைக்கிறார்கள். ரேஸ் காரில் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பூட்டியவை.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேறு. விட்ஸின் பின் ஸ்பிரிங் ஷொக்கோடு சேர்ந்தது இல்லை, தனியாக நிற்பது. காரின் பாரம்தான் அதை அது உட்காரும் இடத்தில் அமுக்கி வைத்திருக்கிறது. கட்டையாக்கினால், சில்லு தொங்குகிற நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும், கழன்று விழவும் கூடும். முன்பக்க ஸ்பிரிங்கின் நுனி, அதற்கென்று உள்ள படியில் பொருந்தி உட்கார வேண்டும். கிரைண்டரால் அறுத்த நுனி அப்படி உட்காராது, ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தும். அந்த இடத்தில் கம்பி உடைந்தால் பக்கத்திலேயே ரயர் இருக்கிறது, கிழித்துவிடும்.

சிலர் வெட்டாமல் காஸ் நெருப்பால் ஸ்பிரிங்கைச் சூடாக்கிப் பதிக்கிறார்கள். அது இன்னும் மோசம். சூடுபட்ட இடத்தில் உருக்கின் பதம் போய்விடும். நாளாக நாளாக ஒரு பக்கம் அதிகமாக இறங்கும், அல்லது முறியும்.

கார் பதிந்தால் சில்லுகளின் கோணமும் மாறும். அலைன்மென்ட் செய்யாமல் ஓடினால் ரயரின் உள்பக்கம் கம்பி தெரியத் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ரயர் மாதிரியே இருக்கும். ஹெட்லைட்டின் உயரத்தையும் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

நீ எந்த ரோட்டில் வருகிறாய் என்பதையும் யோசி. ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று இரவில் ஓடி வருகிறாய். மாரி முடிந்த கையோடு படுவான்கரை ரோடுகள் எப்படிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் மண்டூர்க் கோயிலுக்குப் போகாமல் உன்னை அம்மா விடமாட்டாள். திரும்பும்போது அரிசி மூட்டை, தயிர்ச்சட்டி எல்லாம் பின்னால் ஏற்றிவிடுவாள். அந்தப் பாரத்தில் வெட்டின ஸ்பிரிங் என்ன செய்யும்?

பதித்தே ஆக வேண்டும் என்றால் உன் மாடலுக்கென்று செய்த லோவரிங் ஸ்பிரிங்கை நாலு சில்லுக்கும் வாங்கு, அதற்குப் பொருந்தும் ஷொக்கோடு. கொஞ்சமாகப் பதிகிறதையே எடு. பூட்டியதும் அலைன்மென்ட் செய். காசு போதாவிட்டால் சொல், மிச்சத்தை நான் போடுகிறேன். வெட்டுவதற்கு மட்டும் ஒரு சதமும் தரமாட்டேன்.

கூட்டாளியோடு சேர்ந்து நீயே கழற்றவும் போகாதே. முன்பக்க ஸ்பிரிங் அமுங்கின நிலையில் இருக்கிறது. அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் துள்ளி வந்து ஆளையே கொல்லும்.

இந்தக் கடிதம் வருவதற்குள் வெட்டியாகிவிட்டதென்றால் ஒளிக்காமல் சொல். நான் ஏசமாட்டேன். காரை அங்கேயே நிறுத்தி வை, ஓட்டாதே. வெட்டின கம்பியைத் திரும்ப ஒட்ட முடியாது. அளவான ஸ்பிரிங் தேடி எடுத்துக்கொண்டு உதயதேவி ரயிலில் வந்து நானே மாற்றித் தருகிறேன். எந்த வருஷ மாடல் என்று மட்டும் நாளைக்கே ஃபோன் எடுத்துச் சொல்.

அன்புடன்,
அப்பா